சின்ன நாய்தானுங்க: கணபதியில் ஒரு வாடகை வீட்டின் கணக்கு

2023 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடி இடது வீட்டைப் பார்க்க வந்த தம்பதி சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்டார்கள். வாடகைக்குத் தலையாட்டினார்கள். எல்லாம் முடிந்து படி இறங்கும்போதுதான் அந்தப் பெண் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “அம்மா, எங்ககிட்ட ஒரு நாய் இருக்குதுங்க. சின்ன நாய்தானுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க.”

அந்தச் ‘சின்ன’தான் எங்களை ஏமாற்றியது. பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. நாய் உண்மையிலேயே சின்னதுதான், அரிசிப் பை ஒன்றைக் குறுக்கே வைத்த உயரம். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் எங்கள் வளவில் (ஒரே காம்பவுண்டுக்குள் சேர்ந்திருக்கும் வீடுகளில்) வந்த சண்டை, சச்சரவு, செலவு எதற்கும் அதன் உயரம் காரணமாக இருந்ததே இல்லை. வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். நாய் கோபித்துக்கொள்ளாது என்பதால் அதன் பெயர் மட்டும் இருக்கட்டும்: லட்டு.

வீடு

கோவை கணபதியில் ஐந்து சென்ட் இடம். 1998-ல் அப்பா கட்டியது. கீழே முன்பக்கம் அப்பாவும் அம்மாவும். கீழே பின்பக்கம் ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு. பின் வீட்டுக்குப் பக்கச் சந்து வழியாகத் தனி வாசல், துணி துவைக்கும் கல்லோடு சின்னதாக ஒரு பொடக்காணி, அதாவது கொல்லைப்புறம். மாடி வீடுகள் இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு, எதிரெதிரே கிரில் கேட். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. இந்த அமைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அந்தப் படிக்கட்டில்தான் நடக்கிறது.

மாடி வலதில் மூன்று வயதுப் பையனோடு ஒரு குடும்பம். பின் வீட்டில் இருந்தவர் ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்ப்பவர், அவர் மனைவி வீட்டிலேயே தையல். கணவருக்கு இரவு ஷிப்ட். கணபதிப் பக்கம் இது புதிதில்லை. கரண்ட் தேவை உச்சத்தில் இருக்கும் ‘பீக் ஹவர்’ நேரத்துக் கூடுதல் கட்டணத்துக்குப் பயந்து ராத்திரியில் உலை மூட்டும் பட்டறைகள் இங்கே நிறைய. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் மதியம் மூன்று வரை தூங்க வேண்டிய ஆள் அவர். கோவையிலும் திருப்பூரிலும் நாலு வீடு சேர்ந்த எந்த வளவை எடுத்தாலும் பகலில் தூங்குகிற ஒருத்தராவது இருப்பார். நாய் ராத்திரி குரைத்தால்தான் தொந்தரவு என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் வீடு வாடகைக்கு விட்டதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் தயக்கம்

அப்பாவுக்குக் காங்கேயம் பக்கம் ஊர். பிறந்ததிலிருந்து நாயோடு வளர்ந்தவர். தோட்டத்துச் சாளையில் எப்போதும் இரண்டு நாய் கட்டிக் கிடக்கும், ஆட்டுப் பட்டிக்குக் காவல். அப்படிப்பட்டவர் ஏன் முதலில் வேண்டாம் என்றார் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. “நாய்னா வாசல்ல கெடக்கோணும். ஆசாரத்துக்குள்ள வரப்படாது.” ஆசாரம் என்றால் வீட்டின் உள்கூடம். அவ்வளவுதான் அவர் வாதம். எங்கள் பக்கம் நாய் மீது பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் நாய்க்கு ஒரு இடம் உண்டு, அது படிக்கு வெளியே. கட்டிலில் படுக்கும் நாயை அவரால் நாயாகவே பார்க்க முடியவில்லை. அதோடு, இந்தச் சில வருடங்களாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து இழப்பீடு கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஒறம்பரைக்காரர்கள் (உறவுக்காரர்கள்) போன் செய்தாலே நாய்ப் பேச்சுதான். அந்த வெசனமும் சேர்ந்துகொண்டது.

அம்மாவின் கவலை வேறு மாதிரி. “மசுரு எல்லாப் பக்கமும் பறக்குமே. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆருங்கண்ணு பதில் சொல்றது?” இரண்டாவது கேள்வியை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

வாங்கவில்லை. வீடு இரண்டு மாதமாகக் காலி. வந்தவர்கள் மரியாதையான ஆட்கள். கணவர் பம்ப் கம்பெனியில் இருக்கிறார், மனைவி சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். “நாயை அவங்க பார்த்துக்குவாங்க, விடுங்கம்மா” என்று நான்தான் முடித்துவைத்தேன். வாடகை 11,000, அட்வான்ஸ் 60,000. பத்திர எழுத்தரிடம் வழக்கமான 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அவர் கம்ப்யூட்டரில் வைத்திருந்த மாதிரியில் ‘செல்லப் பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. யாருமே படிக்கவில்லை. பேப்பர் கூடாது என்கிறது, வாய் சரி என்றது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்.

முதல் ஏழு மாதம்

லட்டு வெள்ளை நிறம், நான்கு வயது. ஊரில் எல்லாரும் பொமேரியன் என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த நாய். உள்ளே மெத்தென்று ஒரு முடி அடுக்கு, மேலே நீளமாக இன்னொன்று. வருடத்தில் இரண்டு தடவை உள் அடுக்கு கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். இன்னொரு விஷயம், அந்த இனமே சத்தம் கொடுக்கப் பிறந்தது. ஆள் வந்தால் சொல்வதுதான் அதன் வேலை. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது.

முதலில் வந்தது முடிப் பிரச்சினை. மொட்டை மாடியில் வைத்துக் குளிப்பாட்டிச் சீவி விடுவார்கள். அந்த முடி மழைநீர்க் குழாயின் வாயில் போய்ப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் மாடியில் தண்ணீர் நின்று, வலது வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஈரம் பூத்தது. பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தபோது ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. அம்மா அதைக் குச்சியில் சுற்றி எடுத்துப்போய் அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தார். அறுநூறு ரூபாய் அவர்களே கொடுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து குளியல் அவர்கள் குளியலறைக்குள் போனது. அதோடு முடிந்தது. வாடகை வீட்டு நாயால் வரும் செலவுகளில் பாதி இந்த ரகம்தான். எங்கே குளிப்பாட்டலாம் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்தே இருக்காது.

2024 ஜனவரியில் அந்தப் பெண்ணை ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், வாரம் ஐந்து நாள். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஏழு வரை லட்டு தனியாக. கிரில் கேட்டுக்குள் உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதற்கு வேலை. பால் பாக்கெட், கொரியர், கேஸ் சிலிண்டர், எதிர்வீட்டுப் பையன், துணி காயப்போடப் போகும் அம்மா, படியில் கால் வைக்கும் எல்லாருக்கும் ஒரு ரவுண்டு குரைப்பு. படிக்கட்டு ஒரு கிணறு மாதிரி. மேலே குரைத்தால் கீழே பின் வீட்டு ஜன்னலில் வந்துதான் விழும். ஒரு நாள் மதியம் ஃபவுண்டரிக்காரர் லுங்கியோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. “ஏனுங்க, நான் எப்பதானுங்க தூங்கறது?” குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஐந்து வருடமாக வாடகை ஒரு நாள் தள்ளிக் கொடுக்காத மனிதர்.

நான் என்ன செய்தேன்? மாடி வீட்டுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். ‘பார்த்துக்கறோம் அண்ணா’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

படிக்கட்டில் நடந்தது

மார்ச் மாதம், சாயங்காலம் ஏழேகால். அந்தப் பெண் அப்போதுதான் வந்து கேட்டைத் திறக்கிறார். பத்து மணி நேரம் அடைந்து கிடந்த நாய் அவர் காலைத் தாண்டிப் படிக்குப் பாய்ந்தது. எதிரே வலது வீட்டுப் பையன் பந்தோடு ஏறி வருகிறான். பயந்து போய்ப் பந்தை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். ஓடும் குழந்தையைக் கண்டால் நாய் துரத்தத்தான் செய்யும். கெண்டைக்காலில் பல் உரசிச் சிவப்பாக இரண்டு கோடு. ரத்தம் இல்லை. ஆனால் பையன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். மஞ்சள் வைக்கலாம், சுண்ணாம்பு வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னவர்களை விலக்கிவிட்டு, பையனைத் தூக்கிக் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவினார். முழுதாகக் கால் மணி நேரம். வெறிநோய்க் கிருமிக்கு முதல் வைத்தியமே அந்தச் சோப்புத் தண்ணிதான். தோட்டத்து ஆளுக்கு அது தெரிந்திருந்தது.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ரத்தம் வந்ததா?” வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்று தனி ஊசியும் போட வேண்டியிருக்குமாம். கீறல் மட்டும் என்றால் தடுப்பூசி போதும். இரண்டாவது கேள்வி, “நாய்க்கு ஊசி போட்டிருக்குதா?” எல்லாரும் அந்தத் தம்பதியைத் திரும்பிப் பார்த்தோம். கணவர் பைக்கில் வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்து வந்தார். கடைசியாகப் போட்ட தேதி 2022 ஜூலை. வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. அடுத்த ஊசி வர வேண்டிய மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். சாமான் கட்டுவதிலும் பால் காய்ச்சுவதிலும் அது மறந்து போய், எட்டு மாதம் கடந்திருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் இருண்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திட்டுவதற்கு வாய் திறந்த அம்மாகூடத் திட்டவில்லை.

பையனுக்கு அன்றைக்கே இரண்டு கையிலும் தோலுக்குள் ஊசி. அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஊசிக்குக் காசு இல்லை. ஆனால் நாலு தடவை அரை நாள் லீவு போட்டு வரிசையில் நின்றது அவன் அப்பா. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வெறி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். லட்டுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் வழக்கம்போலக் குரைத்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் எதிரெதிர் வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வெளியே அனுப்ப முடியுமா?

பையனின் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. “ஒப்பந்தத்துல நாய் கூடாதுன்னு இருக்குதுல்லங்க? காலி பண்ணச் சொல்லுங்க.” எங்கள் மாதிரி ஒப்பந்தம்தானே அவர்களுடையதும், அந்த வரியை அவர் படித்திருக்கிறார்!

நான் சட்டத்தைப் பார்க்கப் போனேன். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் நாய், பூனை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வேறு மாதிரிப் பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது என்கிறது. வாடகைதாரர் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால், அதாவது அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகவோ கட்டடத்துக்குச் சேதமாகவோ நடந்துகொண்டால், முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிறுத்தாவிட்டால்தான் காலி செய்யக் கேட்டுப் போகலாம். நாங்கள் ஒப்பந்தத்தைப் பதிவே செய்திருக்கவில்லை. நோட்டீஸும் கொடுக்கவில்லை, ஒரு வாட்ஸ்அப் செய்திதான். நாய் இருப்பது தெரிந்தே எட்டு மாத வாடகை வாங்கியிருக்கிறோம். அந்த அச்சடித்த வரியைப் பிடித்துக்கொண்டு எந்த முகத்தோடு பேசுவது?

லட்டு வீட்டுக் கணவரும் சும்மா இல்லை. அவரும் எதையோ தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலைக் காட்டினார். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது, பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் கூடாது, சின்ன நாய் ஆகலாம் பெரிய நாய் ஆகாது என்று பிரிக்கவும் கூடாது, குரைப்பதைக் காரணம் காட்டவும் கூடாது என்று அதில் இருக்கிறது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் சங்கங்களின் அப்படிப்பட்ட தடை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அது அபார்ட்மெண்ட் சங்கத்துக்குச் சொன்னது. சங்கம் என்பது உங்களைப் போலவே அங்கே குடியிருக்கும் நாலு பேர், உங்கள் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. தன் சொந்த வீட்டை ஒப்பந்தம் போட்டு விடுகிறவர் கதை வேறு. வாடகைக்கு விடும்போதே நாய் வேண்டாம் என்று அவர் சொல்லலாம், கேட்பவர் வேறு வீடு பார்க்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

அவர் படிக்காமல் விட்டது ஒன்று உண்டு. வளர்க்கும் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போது நடைமுறையில் இருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 289-ஆம் பிரிவு, அபராதம் மட்டும் குறைவு. பையனின் அப்பா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போயிருந்தால் தவறில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆக, காலி செய்யச் சொல்லலாம் என்றால் சொல்லலாம், இழுத்துக்கொண்டு நாலு மாதம் போகும். இதற்கு நடுவில் நாயை எங்காவது விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று தெருக்காரர் ஒருத்தர் யோசனை சொன்னார். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் என்ன தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும். வீடு மாறும்போது வீதியில் விடப்பட்ட வெள்ளை நாய்களைக் கணபதிச் சந்துகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், முடி சடையாகித் தொங்க, சொறி பிடித்து. அப்பா அந்த யோசனையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “ஊருல ஆட்டைக் கடிக்கறதெல்லாம் இப்படி உட்டதுல வந்ததுதான். அந்தப் பாவத்த இந்த ஊட்டுல பண்ண வேண்டாம்.” நாயை ஆசாரத்துக்குள் விடக் கூடாது என்றவர், அன்றைக்குத்தான் லட்டுவின் பக்கம் பேசினார்.

வீடு மாற்றிக் கொடுத்தோம்

தீர்வு எனக்குத் தோன்றியதில்லை. தையல்கார அம்மிணிதான் சொன்னார்: “நாங்க மேல போயிக்கறமுங்க. அவங்கள இங்க வரச் சொல்லுங்க. இந்தச் சந்துல ஆரு நடக்கறாங்க, அது குரைக்கறதுக்கு?”

யோசித்துப் பார்த்தால் அதுதான் மொத்த விஷயமும். பின் வீட்டுக்குத் தனி வாசல். பொதுப் படிக்கட்டு இல்லை. சந்தில் அந்த வீட்டு ஆட்களைத் தவிர யாரும் வர மாட்டார்கள். பொடக்காணியில் நாய் உலாவலாம், அங்கேயே குளிப்பாட்டலாம். தூங்க வேண்டியவருக்கு மாடி, காற்றோட்டமும் உண்டு. மாடி வாடகை 11,000, பின் வீடு 9,500. மாற்றிய பிறகு ஃபவுண்டரிக்காரர் மாடிக்கு 10,000, லட்டு வீட்டார் பின் வீட்டுக்கு 10,500. கூட்டினால் எனக்கு அதே 20,500. இந்தக் கணக்கையும் அந்த அம்மிணியே போட்டார், நான் சரி என்றேன்.

இந்த முறை ஒப்பந்தத்தை நானே எழுதினேன். நாய்க்கான பத்தி அரைப் பக்கம் வந்தது. ஒரு நாய், பெயர், நிறம், வயது, கருத்தடை செய்தது என்று எழுதினோம். குட்டி போட்டு மூன்றாகிற கதை வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசிக் கார்டின் நகல் வருடா வருடம் ஜூலைக்குள் என் கைக்கு வர வேண்டும். வாசலைத் தாண்டினால் கயிறு. முழுப் பகலும் நாயைத் தனியாக விடுவதானால் யாராவது நடுவில் வந்து பார்க்க ஏற்பாடு. மொட்டை மாடிக்கு நாய் போகாது. கதவு, வலை, தரைக்கு நாயால் சேதம் வந்தால் பில் வைத்து அட்வான்ஸில் கழிப்பது, ஆனால் அதற்காகக் கூடுதல் அட்வான்ஸ் கிடையாது. அதற்குப் பதில் என் பக்கமும் ஒன்று எழுதினேன்: புகார் வந்தால் எழுத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் மூன்றாவதாக வீட்டைப் பற்றிப் பேசுவேன், ஒரே நாளில் நாயை அனுப்பு என்று சொல்ல மாட்டேன். இது இல்லாமல் போனால் ஆட்கள் புகாரை மறைக்கத்தான் பார்ப்பார்கள். இந்த ஒப்பந்தத்தை முறையாகப் பதிவும் செய்தோம்.

சந்துக் கேட்டின் கீழ்ப் பாதிக்கு இரண்டரை அடி உயரத்தில் ஒரு பிளைவுட் பலகை அடித்தோம். நாய்க்கு வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. இதைச் சொல்லிக் கொடுத்தது கால்நடை டாக்டர். தெரிந்தால்தானே குரைக்கும்? அந்தப் பலகையை ஜனவரியிலேயே மாடிக் கிரில்லில் அடித்திருந்தால் பாதிக் கதை இங்கே இருக்காது. எழுநூறு ரூபாய்ச் சமாச்சாரம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அந்தப் பெண்ணின் அம்மாவும் மாதத்தில் பாதி நாள் வந்து தங்கினார். அவரும் என் அம்மாவும் சாயங்காலம் சந்துத் திண்ணையில் உட்கார்ந்து பேச, லட்டு நடுவில் படுத்துக் கிடக்கும். அம்மா ஒரு பழைய போசியை (பாத்திரத்தை) அதற்கென்று ஒதுக்கிவைத்தார். ஆனால் அந்தப் போசி ஒரு நாளும் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

கணக்கு

2025 மே மாதம் கணவருக்கு ஓசூர் மாற்றல், காலி செய்தார்கள். போவதற்கு முன் நானும் அவரும் வீடு முழுக்க நடந்து பார்த்தோம். படுக்கையறைக் கதவின் கீழ்ப்பக்கம் நகக் கீறல், பாலிஷ் போட 2,200. கொசுவலைக் கதவு கிழிந்திருந்தது, 1,400. பொடக்காணி மூலையில் மூத்திர வாடை. பினாயில் ஊற்றினால் கொஞ்ச நேரம் மறையும், அவ்வளவுதான், என்சைம் கலந்த கிளீனரை அவரே வாங்கி இரண்டு தடவை ஊற்றிக் கழுவிக் கொடுத்தார். மொத்தம் 3,600 கழித்துக்கொண்டு மீதி 56,400-ஐ அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

அவர்களுக்கு முன்னால் மாடி இடதில் இருந்த குடும்பத்திடம் நாய் இல்லை, பூனை இல்லை, மீன் தொட்டிகூட இல்லை. அவர்கள் போனபோது சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளுக்கும் அடைத்துப்போன சிங்க் குழாய்க்கும் உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் சேர்த்து எனக்கு 14,000 ஆனது. நாய் வீட்டை நாசம் பண்ணும் என்கிற வீட்டுக்காரர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுவருக்கும் கதவுக்கும் நாய் பெரிய பகையில்லை. நாயால் கெடுவது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும், ஊசி தவறினால் ஒரு குழந்தையின் இருபத்தெட்டு நாளும்.

திருப்பூரில் என் சித்தப்பாவுக்கு லைன் வீடு இருக்கிறது. வரிசையாகப் பன்னிரண்டு அறை, பத்துக்குப் பத்து, கக்கூஸ் பொது. நாய் கூடாது என்று ஒரே பேச்சு. ஆனாலும் ஒருத்தர் குட்டி ஒன்றை வைத்திருந்தார். வாடகை வாங்க வரும் ஐந்தாம் தேதி அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவாராம். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மறைத்து வளர்க்கும் நாய்க்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக்கூடத் தூக்கிப் போக முடியாது, யாராவது பார்த்துவிடுவார்களே. கூடாது என்று சொன்னதால் நாய் இல்லாமல் போகவில்லை, ஊசி இல்லாத நாயாக ஆனது. ஆனாலும் சித்தப்பா சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன், பத்துக்குப் பத்து அறையில், சுவர் ஒட்டிய பன்னிரண்டு குடும்பத்துக்கு நடுவில், பாதிப்பேர் நைட் ஷிப்ட் போகிற இடத்தில் நாய்க்கு வழி இல்லை. நாயும் அங்கே நன்றாக இருக்காது. அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: மாதம் ஒரு நாள் வாடகைக்கு மட்டும் போகாமல் நடுவிலும் ஒரு நடை போய் வாருங்கள்.

இப்போது நாயோடு யாராவது போன் செய்தால் என்ன நாய், எவ்வளவு பெரிசு என்று நான் முதலில் கேட்பதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கடைசி ஊசி எப்போது? முன்பிருந்த வீட்டுக்காரர் நம்பர் தர முடியுமா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரை வந்து பார்க்கச் சொல்கிறேன். தினமும் நடத்திக் கூட்டிப்போகிற ஆளிடம் இருக்கும் லேப்ரடார், பத்து மணி நேரம் அடைத்துவைத்த பொமேரியனைவிட வளவுக்குச் சாது.

பின் வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. பையனுக்கு ஸ்கூல் பக்கம் என்று மாடி வலது வீட்டாரும் அடுத்த வருடம் மாறிப் போனார்கள். போன மாதம் அதைப் பார்க்க ஒரு தம்பதி பக் நாயோடு வந்தார்கள். பழைய செல்போன் விளம்பரத்தில் வந்ததால் ஹட்ச் நாய் என்போமே, அது. மூன்று கேள்விக்கும் நல்ல பதில். ஊசிக் கார்டைக் கையிலேயே வைத்திருந்தார்கள். குரைக்கிற ஜாதியும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். மாடி ஏறுவதற்குள் அந்த நாய் மூச்சிரைத்து, நாக்கு ஊதா நிறமாகி, நடைபாதையில் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிட்டது. மூக்கு சப்பையான நாய்க்கு உடம்புச் சூட்டை வெளியே விட வழி குறைவு. அப்பா ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்து அதன் தலையிலும் காலிலும் ஊற்றினார். வெறும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு அது, ஏசி இல்லை, சித்திரையில் ராத்திரி பதினொன்றுக்கும் கூரை சூடாகவே இருக்கும்.

“நாய் நல்ல நாய்தானுங்க” என்றார் அப்பா. “இந்த வீடு அதுக்கு ஆகாதுங்க. கீழ் வீடு எங்காச்சும் பாருங்க.” அவர்களுக்கும் புரிந்தது. ஒரு மணி நேரம் போர்டிகோ நிழலில் உட்கார்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஆட்டோவில் கிளம்பினார்கள். டூலெட் போர்டு இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது.